விலை படியாத ஓடை

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரைதான் ஒரு கை கூடிவிட்டது. டாக்டர் எனக்குச் சர்க்கரையே ஆகாது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் கொடுத்த பொருளைக் குறை சொல்லுவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. வாங்குகிற பொருளைத்தான் குறை சொல்லுவோம்.

சுரண்டையில் எங்களுக்குக் காய்கறிக் கமிஷன் கடை. நான் நடை பழகியதே சாக்கு மூட்டைகளைப் பிடித்துக்கொண்டுதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விலை பேசும்போது எதிராளியின் வாயைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். "கட்டாது அண்ணாச்சி, நான் வாரேன்" என்று எல்லாரும்தான் சொல்லுவார்கள். வாய் அப்படிச் சொல்லும்போது கால் வாசலைப் பார்த்திருக்கிறதா, தராசைப் பார்த்திருக்கிறதா என்பதுதான் விஷயம். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவன் நாலு எட்டு போய் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். அவன் திரும்பிப் பார்க்கிற இடத்தில்தான் விலை இருக்கும். திரும்பிப் பார்க்காமல் போன ஒருத்தனைக்கூட நான் அந்தச் சந்தையில் கண்டதில்லை.

இதை எதற்குச் சொல்லுகிறேன் என்றால், குழல்வாய்மொழி விஷயத்தில் நான் அவசரப்பட்டதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் ரொம்பப் பொறுமையாகத்தான் இருந்தேன்.

என் பெயர் ஆவுடைநாயகம். ஆனைப்பத்து ஊராட்சியின் துணைத்தலைவர். குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு கிளை ரோடு பிரியும், அதன் கடைசியில் எங்கள் ஊர். அங்கேயும் எனக்கு ஒரு கடை உண்டு. மேற்கே மலை, கிழக்கே வயல், நடுவில் நரிப்பாறை ஓடை. ஓடை என்று பெயர்தானே தவிர அதில் ஆடு மேயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். எப்போதாவது ஒரு ஐப்பசியில் மலைக்கு மேலே மட்டும் கொட்டித் தீர்த்தால் தண்ணீர் வரும். வந்தால் யானை வருகிற மாதிரி வரும். ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வரும்.

அந்த ஓடையையும் அதன் இரண்டு கரையையும் சேர்த்து ஒரு விடுதி கட்ட மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. உள்ளேயே ஒரு செயற்கை அருவி, நீச்சல் குளம், மரத்தின் மேல் அறைகள். நஞ்சை நிலத்தை மனையாக மாற்ற ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டுக் கொடுக்க வேண்டும். பெரும்பான்மை எங்களிடம் இருந்தது. ஆனால் கம்பெனிக்காரர்களுக்குத் தீர்மானம் ஒருமனதாக வேண்டும். ஒரே ஒரு உறுப்பினர் ஆட்சேபணை எழுதி வைத்தாலும் நாளைக்கு எவனாவது அதைத் தூக்கிக்கொண்டு மதுரைக் கோர்ட்டுக்குப் போய்விடுவான் என்று பயம். நியாயமான பயம்தான்.

எனக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். ஓடைக்கு மேற்கே கிடந்த என் தரிசையும் கம்பெனி கேட்டிருந்தது, தீர்மானம் வந்த பிறகு பத்திரம் என்று பேச்சு. விடுதிக்குக் காய்கறி, மளிகை எல்லாம் என் கடையிலிருந்து. இதை ஆதாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வியாபாரி மூச்சு விடுவதை யாராவது ஆதாயம் என்பார்களா?

ஆட்சேபணை சொன்னது ஒரே ஒருத்தி. கீழத்தெரு வார்டு உறுப்பினர் குழல்வாய்மொழி. வீட்டுக்காரன் முத்துகுமரன் ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம். இவள் இங்கே நெல்லும் உளுந்தும் போட்டுக்கொண்டு, மாமியாரையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். கூட்டத்தில் பாதி உறுப்பினர்கள் வடை எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள். ஓடையை மண் போட்டு ஒடுக்கினால் தண்ணீர் வளைந்து நேரே கீழத்தெருவுக்குத்தான் வரும் என்றாள். தலைவர் பொன்செல்வி, பாவம், என் முகத்தைப் பார்த்தார். ஓடையில் தண்ணீர் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இனிமே வராதுன்னு யாராவது எழுதித் தாங்க. நானும் கையெழுத்துப் போடுதேன்" என்றாள்.

"யாருட்ட எழுதி வாங்க? மலைகிட்டயா?" என்று ஒரு உறுப்பினர் கிண்டலடித்தார்.

"மலை எழுதித் தராதுண்ணே. வந்து காட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வாய் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வாய் உள்ளவர்கள் நல்ல விலை கேட்பார்கள்.

மறுநாள் அவள் வயலுக்கே போனேன். கீழத்தெருவுக்குச் சிமெண்டு ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னேன். போடுங்கள், அது ஊராட்சியின் கடமைதானே என்றாள். அடுத்த வாரம் அவள் தங்கை மகனுக்கு விடுதியில் வேலை என்றேன். அவன் கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறான் என்றாள். பிறகு விடுதி வாசலிலேயே ஒரு கடை, வாடகை கிடையாது என்றேன். அப்போது அவள் மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கில் தோற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, என் பொருள்னா நான் வெலை சொல்லுவேன். கூடக் குறைய நீங்களும் கேக்கலாம். ஓடை என் பொருள் இல்லையே. அடுத்தவங்க பொருளுக்கு நான் எப்படி வெலை சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு நடந்தாள். நான் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு எட்டு போனாள், வரப்பு முடிகிற வரைக்கும் போனாள், மோட்டார் ரூமுக்குள் நுழைந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேடம், என் வயதுக்கு நான் எத்தனையோ பேரோடு விலை பேசியிருக்கிறேன். இப்படி ஒரு பேரத்தை நான் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்காமல் ஒருத்தி போகிறாள் என்றால் ஒன்றுதான் அர்த்தம், அவளுக்கு வேறு கடையில் விலை படிந்துவிட்டது. ஐந்தருவிப் பக்கம் இன்னொரு விடுதிக்காரர் இருக்கிறார், எங்கள் விடுதி வந்தால் அவருக்கு நஷ்டம். அவர்தான் இவளுக்குக் கொடுக்கிறார் என்று முடிவு செய்தேன். சும்மா முடிவு செய்யவில்லை, விசாரித்தேன். அவள் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு பைக் வந்து நிற்கும். ஆள் வைத்துப் பார்த்தேன். அது மாமியாருக்குச் சர்க்கரை ஊசி போட வருகிற கம்பவுண்டர். சரி, கம்பவுண்டர் மூலமாகப் பணம் வருகிறது என்று வைத்துக்கொண்டேன். ஐந்தருவிக்காரர் கடையிலேயே ஒரு நாள் சாப்பிட்டு, பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவருக்குக் குழல்வாய்மொழி என்றால் குற்றாலத்து அம்மன் பெயர் என்றுதான் தெரிந்திருந்தது. அவ்வளவு தெளிவாக நடிக்கிறார் என்றால் உள்ளே எவ்வளவு இருக்க வேண்டும்.

இதற்குள் கம்பெனிக்காரர்கள் பொறுமையிழந்து, அனுமதி வருமுன்பே ஓடையின் ஒரு கரையில் மண்ணைக் கொட்டி உயர்த்திவிட்டார்கள். அந்த இடத்தில் ஓடை கிணறு மாதிரி ஒடுங்கிப்போயிற்று. இந்தப் பக்கம் மண் சரிவு, அந்தப் பக்கம் பாறை. குழல்வாய்மொழி கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பதாகப் பொன்செல்வி சொன்னார்.

இங்கே நீங்கள் இசக்கிராஜாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் ஒரு கிராம்புத் தோட்டத்துக்குக் காவல்காரன் அவன். ஓடையின் தலைமடை அந்தத் தோட்டத்துக்குள்தான் இருக்கிறது. மேலே தண்ணீர் ஏறினால் அவன் எனக்குத் தகவல் சொல்ல வேண்டும், நான் மைக்கில் ஊருக்குச் சொல்ல வேண்டும். பல காலமாக இதுதான் ஏற்பாடு. மைக் செட் ஊரில் இருக்கிற என் கடை மாடியில்தான் இருக்கிறது. மலையில் டவர் சரியாக எடுக்காது, பேச ஆரம்பித்தால் அறுந்துபோகும். அதனால் மிஸ்டு கால். ஒன்று அடித்தால் தண்ணீர் ஏறுகிறது. கொஞ்சம் விட்டு இன்னொன்று அடித்தால் இறங்கி வருகிறது. நான் எடுக்கக் கூடாது, எடுக்கவும் தேவையில்லை. இரண்டாவது மிஸ்டு காலுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிதானமாக ஒரு சாப்பாடு சாப்பிடலாம். கீழத்தெரு முழுக்க மேட்டுக்கு ஏறிவிட அது தாராளம்.

குழல்வாய்மொழியிடம் நான்தான் சமாதானத்துக்குப் போனேன். ஓடையை முறைப்படி அளந்து இரண்டு பக்கமும் எல்லைக் கல் நட்டுவிடலாம், கம்பெனி அந்தக் கல்லைத் தாண்டாது, கொட்டின மண்ணையும் அள்ளிவிடுவார்கள் என்றேன். கம்பெனி இஞ்சினியர் புவனேஷ் வருவான், நீயும் கூட இருந்து அளந்துகொள் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாள் குறித்தோம். அந்த நாளைத் தள்ளிப் போட்டேன். மறுபடி குறித்தோம். மறுபடி தள்ளிப் போட்டேன். இரண்டு தடவையும் மலை தெளிவாக இருந்தது.

இதைத் திட்டம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். விலை ஏறட்டும் என்று வெங்காயத்தைக் குடோனில் பூட்டி வைக்கிறவன் மழையை நிறுத்துவதில்லை. மழை நின்றால் அவனுக்கு நல்லது, அவ்வளவுதான். அவன் காத்திருக்கிறான். காத்திருப்பது குற்றம் என்றால் சுரண்டையில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது.

மூன்றாவது தடவை குறித்த நாளில் மலை உச்சி கரியாக இருந்தது. ஊரில் நல்ல வெயில். புவனேஷை முதலில் என் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். நாகர்கோவில் பையன், மலைத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனுக்கு வாழைப்பழமும் கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். குழல்வாய்மொழி முன்னாலேயே ஓடைக்குள் இறங்கி, அந்த ஒடுங்கின இடத்தில் டேப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

முதல் மிஸ்டு கால் வந்தது. புவனேஷ் கிளம்பலாமா என்று கேட்டான். வெயில் தாழட்டும் தம்பி என்றேன்.

இரண்டாவது மிஸ்டு கால் வந்தது. கொஞ்ச நேரத்தில் குழல்வாய்மொழியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இஞ்சினியரு வாராரா இல்லையா? இங்கன வெயிலு மண்டையப் பொளக்கு. நான் வேணா மேல ஏறி அந்தப் புளியமரத்துல நிக்கட்டுமா?"

"வந்துக்கிட்டே இருக்காரு தாயி. ஏறி எறங்கி அலையாத. அங்கனயே நில்லு."

"சரி அண்ணாச்சி. என்னால ஒங்களுக்குத்தான் அலைச்சல். ஏசிக்கிடாதீக."

அவள் அப்படிப் பணிவாகப் பேசினதில் விலை படிகிற சாயல் ஒன்று இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், அது என் காதில் விழுந்தது. ஆனால் சரக்கு லாரியில் ஏறிவிட்ட பிறகு விலை பேசுவது முறையில்லை.

நீங்கள் மைக்கைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். கேட்க வேண்டியதுதான். நான் மாடிக்குப் போனேன். புவனேஷிடம் மாடியில் ஃபேன் ஓடுகிறது, நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். எங்கள் ஸ்பீக்கர் நாலு குழாய் வைத்தது, ஊரெல்லாம் கேட்கும், கீழத்தெருவுக்கும் கேட்கும், ஓடைக்கும் கேட்கும். ஓடையைப் பார்த்த குழாயை மட்டும் தனியாகக் கழற்ற முடியுமா என்று பார்த்தேன். எல்லாம் ஒரே வயரில் போகிறது. கீழத்தெருவுக்கு மட்டும் சொல்லி ஓடைக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. கழற்றிப் பார்க்கத்தான் போனேன் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுமே நினைக்காதவன் மாடிக்குப் போயிருக்க மாட்டான்.

பிறகு கீழே வந்து புவனேஷோடு ஒரு கலர் குடித்தேன்.

தண்ணீர் அவள் சொன்ன மாதிரியே வந்தது. இதை நான் தலை நிமிர்ந்து ஒத்துக்கொள்கிறேன், அவள் கெட்டிக்காரி. ஒடுங்கின இடத்தில் முட்டி, மண்ணை உடைத்துக்கொண்டு, வளைந்து, நேரே கீழத்தெருவுக்குள் போயிற்று. காந்திமதிநாதன் என்று ஒரு தையல்காரர், கால் ஊனம், மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமாகும். அவரும் அவர் சம்சாரமும் போனார்கள். அலிமா என்று ஒரு அம்மா, இடியாப்பம் விற்கிறவள், என் கடையில்தான் தேங்காய் எடுப்பாள், நல்ல தேங்காயாகத் தட்டிப் பார்த்து எடுப்பாள். அவளும். குழல்வாய்மொழியை மறுநாள் கீழே குளத்து மடையில் எடுத்தார்கள். டேப் கையிலேயே இருந்தது என்றார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை.

முத்துகுமரன் அஸ்ஸாமிலிருந்து வந்தான். கடைசியாக அவள் பேசினது உங்களோடுதானாமே என்று கேட்டான். ஆமாம், இஞ்சினியர் வர நேரமாகிறது என்று சொன்னேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் தலையை ஆட்டினான். இரங்கல் தீர்மானத்தை நான்தான் முன்மொழிந்தேன், ஒருமனதாக நிறைவேறியது. விடுதித் தீர்மானம் நிறைவேறவில்லை. நாலு சாவு விழுந்த இடத்தில் யார் வந்து தங்குவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் மூணாறு பக்கம் போய்விட்டார்கள். என் தரிசு தரிசாகவே கிடக்கிறது. ஆக, யாரும் லாபம் பார்க்கவில்லை. இதைக் கொலை என்று சொன்னால் லாபமில்லாத கொலை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழி இசக்கிராஜா மேல் விழுந்தது. மேலே குடித்துவிட்டுக் கிடந்தான், மிஸ்டு கால் கொடுக்கவில்லை என்று ஊரே பேசியது. நான் பேசவில்லை. என்னிடம் கேட்டவர்களுக்கு, என்ன சொல்ல, பாவம் என்று மட்டும் சொன்னேன். தோட்டத்துக்காரர் அவனை நிறுத்திவிட்டார். ஆலங்குளத்தில் அக்காள் வீட்டில் இருந்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூட்டை தூக்குகிறான்.

நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள் அல்லவா. அதற்குத்தான் வருகிறேன். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அவன் வாயைத் திறக்கவே இல்லை மேடம். இரண்டு தடவை அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் என் கடையைக் கொளுத்தியிருக்கும். வேலை போயிற்று, பெயர் போயிற்று, பெண்டாட்டி அழுகிறாள். அப்படியும் சொல்லவில்லை. கையில் இவ்வளவு பெரிய சரக்கை வைத்துக்கொண்டு ஒருவன் சும்மா இருக்கிறான் என்றால் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறான். எனக்குத் தெரியாதா?

ஆலங்குளத்துக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க. நான் ரெண்டு மட்டம் அடிச்சேன். என் போன் பழசு, டவரும் சரியில்ல. ஒங்களுக்கு விழலை போல. விழுந்திருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீகளா? அடிச்சதோட நிக்காம நான் எறங்கி ஓடியாந்திருக்கணும். நாலு உசுரு."

அழுதான். போன் பழசு என்றானே, நான் புரிந்துகொண்டேன். நல்ல புதுப் போனாக ஒன்று வாங்கிக் கடை லாரியில் கொடுத்துவிட்டேன். அதே லாரியில் திரும்பி வந்தது. இவ்வளவு விலைப் போன் எனக்கு எதற்கு, அண்ணாச்சி கையில் கொடுத்துவிடு என்றானாம். சரி, சின்னதாகக் காட்டிவிட்டோம் என்று நினைத்து என் கடையிலேயே வேலை தருகிறேன், குடும்பத்தோடு வந்து இரு என்று சொல்லியனுப்பினேன். அந்த ஊரில் எந்த முகத்தோடு முழிப்பேன் என்று பதில் வந்தது. மகள் ஸ்ரீவித்யாவின் காலேஜ் செலவு முழுக்க என் பொறுப்பு என்றேன். அதற்கு அவன் பெண்டாட்டி எனக்குப் போன் பண்ணி, நீங்க தெய்வம் அண்ணாச்சி, ஆனா அவுக வேண்டாங்காக என்றாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் யார் போன் அடித்தாலும் அவனோ என்று இருந்தது. போன செவ்வாய்க்கிழமை ஆலங்குளத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன், முத்துகுமரனும் இசக்கிராஜாவும் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தார்கள். முத்துகுமரன் அவன் தோளில் கை போட்டிருந்தான். டீக்குக் காசு கொடுத்ததும் முத்துகுமரன்தான். ஊரெல்லாம் காறித் துப்பின ஒருத்தனுக்கு, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் எதற்காக டீ வாங்கித் தருகிறான்? யோசித்துப் பாருங்கள். ஒருவனிடம் இருந்த சரக்கு இரண்டு பேர் கைக்குப் போனால் அதற்கு மேல் விலை நம் பிடியில் நிற்காது. அவர்கள் வந்து கேட்பதற்குள் நானே சரக்கைச் சந்தையில் இறக்கிவிட்டேன். இனி அதற்கு விலை இல்லை. இன்று காலையில் இங்கே வரும் வழியில்தான் பல நாளைக்குப் பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

அவ்வளவுதான் மேடம். ஓடைக்குள் நிற்கச் சொன்னது நான். தண்ணீர் வருவது தெரிந்தே சொன்னது நான். கீழத்தெருவுக்குச் சொல்லாமல் விட்டதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. இசக்கிராஜாவை நீங்கள் எப்படியும் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். அப்போது அவனுக்கு என்னதான் வேண்டும் என்று தனியாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறான்.